தள்ளாத வயதும் தகுதிப் பரீட்சையும்

ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எம் கல்லூரிக்கு வந்து படிக்கும் மாணவி ஒருத்தி, சில மாதங்களாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் வகுப்புக்கு வாராதிருந்தாள். படிப்பிலே சுட்டியான பெண். உயர்தரப் பரீட்சைக்கு ஓராண்டே இருந்தது. காரணம் யாதென்று வினவினேன். "அப்பாயியைப் பார்க்க ஆளில்லை, சேர். அம்மா மலைக்குப் போகிற நாளில் நான் நிற்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் வருகிற நாளில் அம்மா நிற்க வேண்டும்" என்று தலைகுனிந்து சொன்னாள். தந்தை கொழும்பிலே ஒரு கடையில் வேலை.

ஒரு சனிக்கிழமை அவ்வீட்டுக்குச் சென்றேன். பழைய லயம். இஸ்தோப்பிலே ஒரு கட்டில். அதிலே, முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்தெடுத்த ஒரு மூதாட்டி, இடுப்பு முறிந்து படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. பேத்தியை அழைத்துத் தகரப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதனுள்ளே ஒரு துணிமூட்டை, மூட்டைக்குள்ளே கடதாசிகள். "எனக்கு வயசாயிருச்சுன்னு எழுதிக் குடுக்கணுமாம், ஐயா. நான் இல்லாதவன்னு எழுதிக் குடுக்கணுமாம். நான்தான் நான்னும் எழுதிக் குடுக்கணுமாம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அம் மூதாட்டி மூன்று வாக்கியங்களிற் சொன்னதே இக்கட்டுரையின் பொருள். தள்ளாத காலத்திலே அரசாங்கத்தின் கையை நாடுவோர், தம் முதுமையையும், வறுமையையும், தாம் இன்னார் என்பதையும் கடதாசியால் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. இதனைத் தகுதிப் பரீட்சை எனலாம். நம் பிள்ளைகள் எழுதும் பரீட்சைகள் பதினெட்டு, இருபது வயதுகளில் முடிந்துவிடுகின்றன. இந்தப் பரீட்சையோ எழுபதிலே ஆரம்பமாகிறது.

பிற நாடுகளில் எவ்வாறு?

இப் பரீட்சை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. உலகத்தார் இதனை இரண்டு விதமாக நடத்துகின்றனர். ஒன்று மடிச்சீலையைச் சோதிப்பது. மற்றொன்று உடம்பைச் சோதிப்பது.

இங்கிலாந்திலே பழைய வறியோர் சட்டத்தை நீக்கி, 1948ஆம் ஆண்டில் தேசிய உதவிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வைத்தியம் எல்லோர்க்கும் இலவசமாயிற்று. ஆனால் முதியோர் இல்லத்துப் பராமரிப்பு அவ்வாறு ஆகவில்லை. இன்றும் இங்கிலாந்தில் 23,250 பவுணுக்கு மேற்பட்ட சொத்துடையவர் தம் செலவு முழுவதையும் தாமே ஏற்க வேண்டும். இல்லத்திலே நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டவரின் சொந்த வீடும், அதிலே கணவனோ மனைவியோ வாழாதவிடத்து, அக்கணக்கிற் சேரும். ஆயுள் முழுவதும் உழைத்துக் கட்டிய வீட்டை விற்று முதுமைக்குச் செலவு செய்தவர் அங்கே பலர்.

அமெரிக்காவிலே 1965இல் ஏற்பட்ட மெடிக்கெய்ட் என்னும் திட்டம், வறியோரின் நீண்டகாலப் பராமரிப்புச் செலவை ஏற்கின்றது. பல மாநிலங்களிலே தனியொருவர் கையிலுள்ள எண்ணக்கூடிய சொத்து 2,000 டொலருக்கு மேற்படலாகாது. பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதிவைத்துவிட்டு ஏழையென வந்து நிற்பாரையும் அச்சட்டம் விடாது. முந்திய ஐந்து ஆண்டுக் கொடுக்கல் வாங்கல்களைத் துருவிப் பார்க்கும்.

ஜேர்மனியும் ஜப்பானும் வேறு வழி சென்றன. ஜேர்மனியில் 1995ஆம் ஆண்டிலும் ஜப்பானில் 2000ஆம் ஆண்டிலும் பராமரிப்புக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. ஜப்பானியர் நாற்பது வயது தொடங்கிச் சந்தா செலுத்துகின்றனர். முதுமையில் உதவி கேட்டால், "உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?" என்பது முதற் கேள்வியன்று, "உன்னால் எழுந்து நடக்க முடிகிறதா? தானாக உண்ண முடிகிறதா?" என்பதே முதற் கேள்வி. செலவிலே பத்திலொரு பங்கை முதியவர் கொடுப்பார். வருமானம் மிக்கவர் சற்று அதிகம் கொடுப்பார்.

பாரதத்திலே, தமிழ்நாட்டில் 1962ஆம் ஆண்டிலேயே முதியோர் உதவித்தொகை தொடங்கப்பட்டுவிட்டது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி நம் மலைகளிலிருந்து கப்பலேறிய எத்தனையோ குடும்பங்களின் முதியோரும் அங்கே அத்தொகைக்கு மனுப்போட்டிருப்பர். இங்கே எஞ்சிய அவர்களுடைய உடன்பிறந்தாரின் நிலை யாது? அதனை இனிப் பார்ப்போம்.

பிச்சைச் சம்பளம்

இலங்கையிலே வறியோர் சட்டம் 1939ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கொழும்பு, கண்டி, காலி என்னும் மாநகரங்களில் வறியோரைப் பேணும் கடமை மாநகரசபைகளைச் சார்ந்தது. ஏனைய இடங்களில் அரசாங்கம் பொது உதவிப்பணம் வழங்கி வந்தது. சட்டப் புத்தகத்தில் அதன் பெயர் பொது உதவி. தமிழ்ச் சனங்கள் வழங்கிய பெயரோ பிச்சைச் சம்பளம். அப் பெயரே போதும். மானமுள்ள முதியவர் பலரை அந்த வரிசையில் நிற்கவிடாமற் செய்ய.

அரசாங்க உத்தியோகத்தருக்கு உபகாரச் சம்பளம் உண்டு. அது பிச்சையன்று, உழைப்பின் உரிமை என்று யாவரும் கருதுகின்றனர். தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு மாதாந்த உபகாரச் சம்பளம் இல்லை. அதற்குப் பதிலாக 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி ஏற்பட்டது. தொழிலாளியின் சம்பளத்திலே நூற்றுக்கு 8 வீதம், முதலாளியின் பங்காக 12 வீதம். ஆண்கள் ஐம்பத்தைந்து வயதிலும் பெண்கள் ஐம்பது வயதிலும் இப்பணத்தைப் பெறலாம். 1980இல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும், 1983இல் பணிக்கொடைச் சட்டமும் வந்தன. ஐந்தாண்டுக்குக் குறையாமற் சேவை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினான்கு நாட் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. தோட்டத்திலே இதனைச் சேவைக்காசு என்பர். முப்பது ஆண்டு உழைத்தவளுக்கு 420 நாட் சம்பளம்.

இவையெல்லாம் நல்ல சட்டங்களே. ஆயினும் இவை ஒரே தடவையில் கைக்கு வரும் பணம் என்பதைக் கவனித்தல் வேண்டும். ஐம்பத்தைந்து வயதிலே அப்பணம் வரும்போது வீட்டிலே ஒரு பெண்ணின் கலியாணம் காத்திருக்கும், கடைக்கடன் காத்திருக்கும், கூரைத் தகரம் ஒழுகிக்கொண்டிருக்கும். இரண்டொரு வருடத்தில் அது கரைந்துவிடும். இடுப்பு முறிவதோ எழுபத்திரண்டில். நாம் கண்ட மூதாட்டியின் சேவைக்காசு அவருடைய இளைய மகளின் கலியாணத்திற்குச் சென்றது. "அது வீணாப் போகல ஐயா, புள்ளை நல்லா இருக்கு" என்றார் அவர். அதுவும் உண்மைதான்.

இன்றைய ஏற்பாடு

2023ஆம் ஆண்டு ஜூலை முதல் அஸ்வெசும என்னும் நலன்புரித் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் அமைந்த சபை இதனை நடத்துகிறது. குடும்பத்தின் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளியிட்டு, குடும்பங்களைத் தரம் பிரிக்கின்றனர். 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் மிக வறிய குடும்பத்திற்கு மாதம் 17,500 ரூபாவும், வறிய குடும்பத்திற்கு 10,000 ரூபாவும் என உதவித்தொகை உயர்த்தப்பட்டது. எழுபது வயதைக் கடந்த, வருமானங் குறைந்த முதியோருக்கான கொடுப்பனவு முன்னர் 2,000 ரூபாவாக இருந்து, பின்னர் 3,000 ஆகி, 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

ஐயாயிரம் ரூபா என்றால் எவ்வளவு? தோட்டத்துக் கணக்கிலேயே அளந்து பார்ப்போம். 2024ஆம் ஆண்டிலே நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அவ்வளவுகோலின்படி ஐயாயிரம் ரூபா நாலு நாட் பேருக்கும் குறைவு. மருமகள் மாதத்தில் நாலு நாள் மலைக்குப் போகாமல் கட்டிலருகே நின்றாலே அப்பணம் ஈடாகிவிடும். ஐந்தாம் நாள் முதல் அக்குடும்பத்திற்கு நட்டம். படுக்கையிற் கிடப்பவர்க்கோ முப்பது நாளும் ஆள் வேண்டும்.

ஆகவே, கையிலே கொடுக்கும் பணம் வேறு, பராமரிப்பு வேறு என்பது தெளிவு. அரசாங்க ஆஸ்பத்திரியிலே வைத்தியம் இலவசம். அது நம் நாட்டின் பெருமை. ஆனால் முறிந்த எலும்பைப் பொருத்தியபின் நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். அங்கிருந்து தொடங்கும் நீண்ட பராமரிப்பை ஏற்பார் யார் என்பதே கேள்வி.

லயத்துக் கணக்கிலே சிக்கல்

தோட்டத்து முதியவர்க்கு இத் தகுதிப் பரீட்சை ஏன் கடினமாகிறது? காரணங்கள் நான்கு.

முதலாவது, அடையாளம். இன்று எழுபதைக் கடந்தோர், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தம் குடும்பம் நாடற்றதாக்கப்பட்ட காலத்திலே பிறந்தோ வளர்ந்தோ வந்தவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் எண்ணிக்கையாகப் பங்கிட்டது. மிஞ்சியோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது. இவ்வளவு காலம் கடதாசியில் இல்லாதிருந்தவரிடம் திடீரெனக் கடதாசி கேட்டால் எங்கே போவார்? பிறப்புப் பதிவு இல்லாதோர் உளர். இருந்தாலும், செக்ரோலில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று. அடையாள அட்டையிலே வேறொன்று. ஒன்றில் தகப்பன் பெயர், மற்றதிற் கணவன் பெயர். அம் மூதாட்டியின் மூட்டையிலே மூன்று கடதாசிகளில் மூன்று பெயர்கள் இருந்தன. மூவரும் அவரே.

இரண்டாவது, குடும்பக் கணக்கு. திட்டம் குடும்பத்தை அளக்கிறது. முதியவரைத் தனியே அளப்பதில்லை. ஒரே காம்பராவில் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தால், அவர்களின் சம்பளமும் பொருள்களும் அக் குடும்பத்தின் நிலையைத் தீர்மானிக்கும். மகன் வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டி இருப்பதனால், மூலையிற் படுத்திருக்கும் தாயின் மடியிலே மாத்திரைக்குக் காசு இருக்கிறதென்று பொருளாகாது.

மூன்றாவது, வீடு. லயக் காம்பரா பெரும்பாலும் தோட்டத்திற்கு உரியது. 1972, 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் சென்றது. துரைமார் மாறினார்கள், லயம் மாறவில்லை. ஆங்கிலேயர் நாட்டு முதியவர் விற்பதற்காவது ஒரு வீடு வைத்திருக்கிறார். நம்மவர்க்கு அதுவும் இல்லை.

நான்காவது, தபால். காம்பராவுக்குத் தனி விலாசம் இல்லாத இடங்களிலே கடிதம் தோட்டத்துக் கந்தோருக்குச் சென்று, அங்கிருந்து கைமாறி வருகிறது. விசாரணைக்கு அழைத்த கடிதம் விசாரணை முடிந்த பின் கிடைத்தால், வராதவர் தேவையற்றவர் என்றே எழுதப்படுவார்.

பிள்ளைகளின் கடமையும் சட்டமும்

"பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் தருமம், அரசாங்கம் எதற்கு?" என்று சிலர் கேட்பர். தருமம் என்பதில் ஐயமில்லை. அத்தருமத்தை 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் வலியுறுத்துகிறது. அறுபது வயதை எய்தியவர் முதியவர் என அச்சட்டம் வரையறுக்கிறது. தம்மைத் தாமே பேண முடியாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரிப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். பாரதத்திலும் 2007ஆம் ஆண்டில் இத்தகைய சட்டம் இயற்றப்பட்டது.

ஆனால் எந்தத் தாய் மகன்மேல் மனுக் கொடுப்பாள்? கொடுத்தாலும், கொழும்பிலே கடைச்சிப்பந்தியாக நின்று, உண்டதுபோக மிச்சத்தை அனுப்பும் மகனிடம் எதைப் பெறுவது? நம் மலையகத்திலே முதியோர் கைவிடப்படுவது அன்பில்லாமையாலன்று, பெரும்பாலும் ஆளில்லாமையால். இளையோர் கொழும்புக்கும் அரபு நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். பேரப்பிள்ளைகளைப் பாட்டியே வளர்க்கிறாள். அப் பாட்டி விழுந்துவிட்டால் வீட்டின் தூணே விழுந்ததாகிறது.

நாடு முழுவதும் இதே திசையிற் செல்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 7.9 பேர், 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டிலே 12.6 பேர். இன்று மற்றொருவர் வீட்டுப் பிரச்சினையாகத் தோன்றுவது நாளை நம் வீட்டுக்கும் வரும்.

பிள்ளைக்காம்பரா கற்பித்த பாடம்

அரசாங்க முதியோர் இல்லங்கள் சில இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக் கைதடியில் உள்ள இல்லம் தமிழர் பலர் அறிந்தது. ஆயினும் டிக்கோயாக் குளிரிலே பிறந்து வளர்ந்த ஒருவரை, ஊரும் உறவும் காணாத தூரத்திற்கு அனுப்புவது எளிதன்று. கேட்டுப் பார்த்தால், "என் லயத்திலேயே கண்ணை மூடிடுறேன்" என்பார்கள்.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? விடை நம் தோட்டங்களிலேயே இருக்கிறதென்பது எனது அபிப்பிராயம். தாய்மார் கொழுந்தெடுக்கச் செல்லவேண்டுமென்ற தேவை எழுந்தபோது, ஒவ்வொரு தோட்டத்திலும் பிள்ளைக்காம்பரா தோன்றியது. அங்கே பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆள், பால், தொட்டில், நேரம் எல்லாம் ஒழுங்காயின. அந்தத் தாயிடம், "நீ ஏழையா? சான்று எங்கே?" என்று எவரும் கேட்கவில்லை. மலையிலே வேலை நடக்க வேண்டும், ஆதலால் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பதே நியாயமாக இருந்தது. அதே நியாயம் படுக்கையிலுள்ள தாய்க்கும் பொருந்தாதா? அவரைப் பகலிலே பார்க்க ஓர் ஆள் இருந்தால் மருமகள் மலைக்குப் போவாள். பேத்தி வகுப்புக்கு வருவாள்.

இது ஆகாத காரியமன்று. முதியோருக்கான தேசிய செயலகத்தின் கீழ் கிராமந்தோறும் முதியோர் சங்கங்களும், பகல்நேர நிலையங்களும் அமைக்கும் ஏற்பாடு உண்டு. 1986இல் ஆரம்பிக்கப்பட்ட ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா போன்ற நிறுவனங்கள் வீட்டிலிருந்தே முதியோரைப் பராமரிப்போருக்குப் பயிற்சி அளித்திருக்கின்றன. தோட்டத்து இளம் பெண்கள் சிலருக்கு அப் பயிற்சியும், அதற்குரிய சம்பளமும் கிடைக்குமாயின் கொழும்புக்கு வீட்டுவேலைக்குச் செல்லும் தேவையும் ஒரு பங்கு குறையும்.

நாம் செய்யக்கூடியவை

நிற்க. அரசாங்கம் செய்யும்வரை காத்திராது, குடும்பத்தாரும் மாணாக்கரும் இன்றே செய்யத்தக்கவை சில உண்டு.

வேலையிலிருந்து விலகுமுன், சேமலாப நிதிப் பதிவிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறுபாடு இருந்தால், வேலையிலிருக்கும்போதே தோட்டத்துக் கந்தோரின் உதவியுடன் திருத்துவது இலகு. பிறப்புப் பதிவு அகப்படாவிடின், உத்தேச வயதை உறுதிப்படுத்தும் சான்றிதழுக்குப் பதிவாளர் வழியாக முயலலாம். இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதற்குச் சமாதான நீதவான் முன்னிலையிலே சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். அறுபது வயதானதும் முதியோர் அடையாள அட்டையைப் பெற்றுவிடுங்கள். அஸ்வெசும பட்டியலிலே பெயர் இல்லையென்றால் மேன்முறையீடு செய்யும் வழி உண்டு, தவணை தவறவிடலாகாது. கொடுப்பனவு எவர் பெயரிலுள்ள கணக்குக்குச் செல்கிறது என்பதை முதியவரும் அறிந்திருக்கச் செய்யுங்கள். தமிழிலே விண்ணப்பிப்பதும் தமிழிலே பதில் பெறுவதும் உங்கள் உரிமை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியே.

மாணாக்கர்களே! உங்கள் லயத்திலே பத்திரம் வாசிக்கத் தெரிந்த முதல் தலைமுறை நீங்களாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிநேரம் போதும். அயல் காம்பராவிலுள்ள முதியவரின் மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். எந்தக் கடதாசி இருக்கிறது, எது இல்லை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் அவரோடு கூடப் போங்கள். பெரிய சமூகசேவை என்று வேறொன்றைத் தேடவேண்டியதில்லை.

அம் மூதாட்டியின் கதையை முடிக்கவில்லை. பேத்தியும் அவள் வகுப்புத் தோழிகள் இருவருமாகச் சேர்ந்து கடதாசிகளை ஒழுங்குபடுத்தினார்கள். சத்தியக் கடதாசி முடித்து, மனுவும் அனுப்பினார்கள். சில மாதங்களின் பின் கொடுப்பனவு வந்தது. முதற் பணத்தில் அவர் மாத்திரையும், பேத்திக்கு ஒரு குடையும் வாங்கச் சொன்னார். ஹற்றன் மழையிலே அவள் நனைந்து வகுப்புக்குப் போவதை அவர் கட்டிலிலிருந்து பார்த்திருக்கிறார்.

இப்போது அப்பெண் ஒழுங்காக வகுப்புக்கு வருகிறாள். ஆனால் அவள் தாய் மலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஐயாயிரம் ரூபாவை ஒரு கையிலும், இழந்த பேர்களை மறு கையிலும் வைத்து அந்த வீடு மாதந்தோறும் கணக்குப் பார்க்கிறது. அக்கணக்கு நேராகும் நாளைப் பகலிலே முதியவரைப் பார்க்கும் ஓர் ஆளும், லயத்தருகே ஓர் அறையுமே கொண்டுவர முடியும். அவற்றைக் கேட்பதற்கு நம் தோட்டத்துத் தலைவர்களும், தொழிற்சங்கத்தாரும், கல்வி கற்றோரும் கூச்சப்படவேண்டியதில்லை. நாம் கேட்பது பிச்சைச் சம்பளம் அன்று.